கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர்

(பொழியூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1962-இல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வெளிவந்தது. ஏறக்குறைய முழுக் கதையும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. புற்றுநோயோடு வந்து படுத்திருக்கும் வேணுவாக முத்துராமன், அவருடைய மனைவி சீதாவாக தேவிகா, சீதாவை ஒரு காலத்தில் நேசித்த டாக்டர் முரளியாக கல்யாண்குமார். தான் இறந்துவிட்டால் டாக்டரை மணந்துகொள்ளச் சொல்லி மனைவியிடம் கேட்கிறார் கணவர். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் கோழிக்கோட்டைச் சேர்ந்த ஏ. வின்சென்ட். கட்டிலையும் சுவரையும் ஜன்னலையும் தவிர வேறு எதுவும் இல்லாத இடத்தில், ஒரு குடும்பத்தின் நிம்மதியின்மை முழுவதையும் அவர் வெளிச்சத்தாலும் நிழலாலும் காட்டினார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1967-இல், அதே வின்சென்ட் மலையாளத்தில் 'அஸ்வமேதம்' படத்தை இயக்கினார். அதிலும் ஆஸ்பத்திரி உண்டு, நோயாளி உண்டு, டாக்டர் உண்டு. ஆனால் அந்தப் படத்தின் மையம் ஆஸ்பத்திரியில் இல்லை. குணமாகித் திரும்பும் பெண்ணை வீட்டு வாசலில் வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் அதன் மையம்.

நோய் பற்றிய நம் படங்களை இந்த இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். கேமராவைக் கட்டிலில் படுத்திருப்பவர் மேலேயே வைத்திருப்பவை ஒரு வகை. அதைக் கொஞ்சம் திருப்பிப் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பவை இன்னொரு வகை. முதல் வகை நம்மை அழ வைத்தது. இரண்டாவது வகைதான் குடும்பங்களைப் பற்றி உண்மை பேசியது. அது எண்ணிக்கையில் மிகவும் குறைவு. இன்றைய பேச்சு அந்தக் குறைவைப் பற்றியது.

இதைப் பேச பொழியூரைவிடப் பொருத்தமான இடம் அதிகம் இல்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அந்தப் பக்கம், தமிழகத்தோடு போயின. பொழியூர் உள்ள நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம், கேரளத்தில் நின்றது. கோடு போட்டாலும் உறவு பிரியவில்லை. கொல்லங்கோட்டில் அக்காள் இருப்பாள், பொழியூரில் தங்கை இருப்பாள். இரண்டு மொழிப் படத்தையும் ஒரே வீட்டில் பார்ப்பார்கள். தீனம் என்று வந்துவிட்டால் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே பஸ்ஸில்தான் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கும் புற்றுநோய் மருத்துவமனையான ஆர்.சி.சி-க்கும் போகிறார்கள். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் பழைய எக்ஸ்ரே, தோளில் மாற்றுத் துணிப் பை. அந்தப் பையைச் சுமப்பவர் நோயாளி அல்ல, கூட்டிருக்கப் போகிறவர். அவரைத்தான் சினிமா நெடுங்காலம் பார்க்காமல் விட்டது.

தமிழில் நோயை மிக வலுவாகத் திரையில் நிறுத்திய முதல் படங்களில் ஒன்று 'ரத்தக்கண்ணீர்'. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகம். கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் 1954-இல் படமானது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் மோகனசுந்தரம் தாயை அவமதிக்கிறான், மனைவியைக் கைவிடுகிறான், தாசி காந்தாவிடம் சொத்தை இழக்கிறான், கடைசியில் தொழுநோயாளியாகத் தெருவில் நிற்கிறான். எம்.ஆர். ராதாவின் நடிப்பை மிஞ்ச இன்றுவரை ஆள் இல்லை. குரலிலேயே ஒரு மனிதனின் அழிவைக் கொண்டு வந்தார். ஆனால் அந்தப் படம் செய்த ஒரு தீங்கையும் சொல்லத்தான் வேண்டும். நோய் என்பது நடத்தைக்குக் கிடைத்த தண்டனை என்று அது நிறுவியது. தொழுநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்பதை நார்வேயின் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். படம் வந்த காலத்தில் டாப்சோன் மாத்திரை புழக்கத்தில் இருந்தது. அப்படியிருந்தும் கொட்டகையிலிருந்து வெளியே வந்தவர், தன் தெருவில் விரல் மடங்கிய ஒருவரைப் பார்த்தால் 'இவன் என்ன பாவம் செய்தானோ' என்றுதான் நினைத்திருப்பார். அந்த நினைப்பின் சுமை நோயாளியோடு நிற்காது. அவருடைய மகளின் கல்யாணம் வரை போகும்.

'அஸ்வமேதம்' இதற்கு நேர் எதிரான கேள்வியைக் கேட்டது. தோப்பில் பாஸி முதலில் கே.பி.ஏ.சி. நாடகக் குழுவின் மேடைக்காக எழுதிய நாடகம் அது. அவருடைய சொந்த ஊரான வள்ளிக்குன்னத்துக்குப் பக்கத்தில்தான் நூறநாடு தொழுநோய் சானடோரியம் இருக்கிறது. சரோஜம் (ஷீலா) எந்தத் தப்பும் செய்யாதவள். நோய் வருகிறது, சிகிச்சை எடுக்கிறாள், குணமாகிறாள். டாக்டர் சான்று கொடுத்துவிட்டார், வீடு ஏற்கவில்லை. அவள் மறுபடியும் சானடோரியத்துக்கே திரும்பிப் போகிறாள். நோயைத் தண்டனையாகக் காட்டாமல், நோய்க்குப் பிறகு குடும்பம் தரும் தண்டனையைக் காட்டியது அந்தப் படம். குடும்பத்தாரைக் கொடியவர்களாகவும் அது வரையவில்லை. ஊருக்குப் பயந்த, பாசமும் உள்ள மனிதர்கள் அவர்கள். அதனால்தான் அந்தப் படத்தைப் பார்ப்பவர் அவர்களைத் திட்டிவிட்டு எழுந்து போக முடிவதில்லை.

அதில் டாக்டராக நடித்தவர் சத்யன். திருவனந்தபுரம் திருமலையில் பிறந்த மானுவல் சத்யநேசன். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து நாற்பதை நெருங்கும் வயதில் நடிக்க வந்தவர். இந்தப் பகுதி மக்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே அவரை நினைத்தார்கள். திரையில் நோயாளிக்குத் தைரியம் சொன்ன அவருக்கே பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வந்தது. தெரிந்த பிறகும் நடித்துக்கொண்டே இருந்தார். 1971 ஜூன் 15-இல் சென்னையில் காலமானார். 'அனுபவங்ஙள் பாளிச்சகள்' அவர் இறந்த பிறகு வெளியானது. அதில் அவர் உடம்பின் களைப்பைக் கவனித்துப் பார்த்தால் தெரியும். அது நடிப்பா, நோயா என்று பிரிக்க முடியாது.

அதே ரத்தப் புற்றுநோயை அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகள் சினிமா எப்படிப் பயன்படுத்தியது என்பது வருத்தமான கதை. 1978-இல் கமல்ஹாசனும் சரினா வகாபும் நடித்த 'மதனோத்சவம்'. 1982-இல் தமிழில் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை'. பாட்டுகள் இன்றும் காதில் நிற்கின்றன. ஆனால் அந்தப் படங்களில் புற்றுநோய் என்பது காதலைக் கல்யாணம் வரை போகவிடாமல் நிறுத்த வந்த ஒரு வசதி. இருமினால் ரத்தம், கைக்குட்டையில் கறை, கடைசிப் பாட்டு, சாவு. 'வாழ்வே மாயம்' நாயகன் தன் நோயை மறைத்து, தன்னைக் காதலிப்பவளே தன்னை வெறுக்கும்படி நாடகமாடுகிறான். அதைத் தியாகம் என்று படம் கொண்டாடியது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டா என்ற கேள்வியே எழவில்லை. மருந்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ராத்திரி யார் விழித்திருந்தார்கள்? வாந்தியை யார் துடைத்தார்கள்? ஒரு காட்சியும் இல்லை.

வேடிக்கை பார்க்கிற காலமல்ல அது. 1981-இல்தான் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் தலைமையில் திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. தொடங்கியது. சினிமா, கேன்சர் என்றால் சாவு என்று ஊருக்கு ஊர் சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சீக்கிரம் வந்தால் காப்பாற்றலாம் என்று டாக்டர்கள் ஊருக்கு ஊர் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலானவை உரிய சிகிச்சை கிடைத்தால் இன்று குணமாகக்கூடியவை. இதைச் சொன்ன வணிகப் படம் எத்தனை?

1993-இல் சிபி மலயில் இயக்கி, டென்னிஸ் ஜோசப் எழுதிய 'ஆகாசதூது' வந்தபோது இந்த வழக்கம் உடைந்தது. நோயாளி காதலி அல்ல, நாலு பிள்ளைகளின் தாய். வயலின் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கும் ஆனி (மாதவி), ஜீப் ஓட்டும் ஜானி (முரளி). இருவரும் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள். பிள்ளைகளை ஒப்படைக்கத் தாய்மாமனும் இல்லை, சித்தியும் இல்லை. கணவன் கொலையாகிறான், ஆனிக்கு ரத்தப் புற்றுநோய் தெரிய வருகிறது. அதற்குப் பிறகு அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தான் இறப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு தேடுகிறாள். ஊனமுள்ள மகனை மட்டும் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. 1983-இல் வந்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் படத்தின் தூண்டுதலில் எழுந்த கதைதான். ஆனால் கேரளத்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் தேயிலைக் கடைப் பேச்சுக்கும் நடுவில் அது முழுக்க இந்த மண்ணின் கதையாக மாறிவிட்டது. குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. தெலுங்கில் 'மாத்ருதேவோபவ' ஆனது. கண்ணீரைக் கறக்கும் படம் என்று அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. கண்ணீர் நிறையத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணீருக்குள் ஒரு தாயின் கணக்கு இருக்கிறது: இருக்கும் நாட்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை பேர், யார் யாரிடம். இந்தக் கணக்கை ஆர்.சி.சி. வராந்தாவில் மனசுக்குள் போட்டுப் பார்க்காத தாய் யார்?

அடுத்த ஆண்டே, 1994-இல், ஹரிகுமார் இயக்கத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதிய 'சுகிர்தம்' வந்தது. பலரும் பேசத் தயங்கும் இடத்துக்குப் போன படம் இது. பத்திரிகையாளர் ரவிசங்கர் (மம்மூட்டி) புற்றுநோயாளி. பிழைக்க மாட்டார் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். மனைவியும் நண்பரும் அவர் இல்லாத நாளை ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப வாழ்க்கையை நகர்த்தியும் விட்டார்கள். அதற்கு அவரே வழியும் விட்டிருந்தார். அப்புறம் அவர் பிழைத்துக்கொள்கிறார். பிழைத்தவருக்கு வீட்டில் இடமில்லை. வேலை பார்த்த பத்திரிகையில் அவருடைய மரணச் செய்தி எழுதித் தயாராக இருக்கிறது. யாரும் கெட்டவர் இல்லை. நீண்ட நோய் குடும்பத்தை முன்கூட்டியே துக்கம் கொண்டாட வைத்துவிடுகிறது. துக்கத்தை முடித்துவிட்ட வீட்டுக்குத் திரும்பி வருபவர் என்ன செய்வார்? ரயில் சுரங்கத்தை நோக்கி நடக்கும் அந்த முடிவோடு உடன்பட முடியாதவர்கள் இருக்கலாம். பிழைத்தவருக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது என்று இன்று எந்தப் புற்றுநோய் மருத்துவரும் சொல்வார். ஆனால் கேள்வியைக் கேட்ட துணிச்சல் எம்.டி.-க்கே உரியது.

மனநோய் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 1987-இல் வந்த 'தனியாவர்த்தனம்' லோகிததாஸின் முதல் திரைக்கதை. பள்ளிக்கூட வாத்தியார் பாலன் மாஷுக்கு எந்த நோயும் கிடையாது. ஆனால் தலைமுறைக்கு ஓர் ஆணுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று நம்பும் தறவாடு அவருடையது. பைத்தியம் என்று பூட்டி வைக்கப்பட்டிருந்த மாமன் இறந்ததும், அடுத்தது யார் என்று வீடும் ஊரும் பார்க்கத் தொடங்குகின்றன. அந்தப் பார்வையே அவரைச் சிதைக்கிறது. முடிவில் பெற்ற தாயே சோற்றில் விஷம் கலந்து ஊட்டுகிறாள், தானும் உண்கிறாள். கவியூர் பொன்னம்மாவின் அந்தக் கைகளில் வெறுப்பு இல்லை. அதுதான் தாங்க முடியாதது. படம் வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடிவதற்கு முன், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் யார்? பெரும்பாலும் வழியில்லாத குடும்பங்கள். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்தது. அந்தச் சட்டம் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மலையாளப் படம் அந்தப் பூட்டிய அறைக்குள் நுழைந்துவிட்டது.

பிளெஸி இயக்கிய 'தன்மாத்ரா' (2005) இந்த வரிசையில் தனியாக நிற்கிறது. பத்மராஜனின் ஒரு சிறுகதையிலிருந்து எழுந்தது. தலைமைச் செயலக ஊழியர் ரமேசன் நாயராக மோகன்லால். மகனை ஐ.ஏ.எஸ். ஆக்க வேண்டும் என்று கனவு காணும் சாதாரண அப்பா. முதலில் சின்னச் சின்ன மறதி. அலுவலகக் கோப்பு வீட்டு ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது. ஒருநாள் காய்கறிப் பையோடு அலுவலகத்துக்குள் வந்து, அதைத் தன் வீடு என்று நினைத்து நடந்துகொள்கிறார். உடன் வேலை செய்பவர்கள் உறைந்து நிற்கிறார்கள். அது வரைக்கும் வீட்டுக்குள் இருந்த ரகசியம் அந்த நொடியில் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனால் படத்தின் பாரம் மனைவி லேகாவின் தோளில் இருக்கிறது. மீரா வாசுதேவ் மிகையில்லாமல் செய்தார். கணவன் தன்னை யார் என்று கேட்கும் வீட்டில் அவள் சமைக்க வேண்டும், மகனைப் படிக்க வைக்க வேண்டும், மாமனாருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். மறதி நோயுள்ள வீட்டில் கணவன் உயிரோடு இருக்கிறார், ஆனால் கணவனாக இல்லை. அதை வெளியே சொல்லி அழ அவளுக்கு இடமும் கிடையாது. படம் மாநில அரசின் சிறந்த படம், இயக்குநர், நடிகர் விருதுகளை வாங்கியது. இன்னொரு பெரிய வேலையையும் செய்தது. 'வயசானால் புத்தி மாறும்' என்று தள்ளிவைத்த பல வீடுகளுக்கு, இது ஒரு நோய் என்றும் இதற்கு அல்சைமர் என்று பெயர் என்றும் தெரிய வைத்தது. கேரளத்தில் 1992 முதலே இந்த நோய்க்காக ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அமைப்பு இயங்கிவந்தாலும், சாதாரண வீட்டுச் சமையலறை வரை அந்தப் பெயரைக் கொண்டுபோனது சினிமாதான்.

இதே நோயை ஈரானின் அஸ்கர் பர்ஹாதி 2011-இல் 'எ செப்பரேஷன்' படத்தில் வேறு விதமாகத் தொட்டார். அங்கே நோயாளி அப்பா கதையின் ஓரத்தில்தான் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு வரும் ஏழைப் பெண், வெளிநாடு போக விரும்பும் மருமகள், அப்பாவை விட்டுவிட மறுக்கும் மகன் என்று எல்லோரும் அவரைச் சுற்றி உடைகிறார்கள். தெஹ்ரானில் நடக்கும் கதை நெய்யாற்றின்கரையில் நடப்பதுபோல இருக்கிறது. இங்கும் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள், கிழவரை ஹோம் நர்ஸ் பார்க்கிறார்.

தமிழில் அண்மைக் காலத்தில் நல்ல மாற்றம் தெரிகிறது. ராமின் 'பேரன்பு' (2019) மூளை முடக்குவாதம் உள்ள மகளை ஒரு தகப்பன் தனியாக வளர்க்கும் கதை. மனைவி விட்டுப் போய்விடுகிறாள். படம் அவளைச் சபிக்கவில்லை. அதுவரை ஒதுங்கியிருந்த அப்பா முதல்முறையாக அந்த வேலையைக் கையில் எடுக்கும்போது, இத்தனை வருடம் அவள் என்ன செய்தாள் என்பது அவருக்கும் நமக்கும் புரிகிறது. மகள் பருவமடையும்போது ஒரு தகப்பன் என்ன செய்வான் என்பதைத் தமிழ் சினிமா அதற்கு முன் கேட்டதே இல்லை. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' இன்னும் கடினமான இடத்துக்குப் போனது. காவலாளி வேலை பார்த்த கிழவர் கருப்பசாமி விபத்தில் அடிபட்டுப் படுக்கையாகிறார். ஆஸ்பத்திரியில் குணப்படுத்தக்கூடிய அடிதான். மகன் செலவுக்கும் சிரமத்துக்கும் பயந்து, கிழவர்களைக் கொல்லும் வழக்கமான தலைக்கூத்தலின் பெயரில் அவரை முடித்துவிடுகிறான். 2018-க்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது பெற்றது அது. மதுமிதாவின் 'கே.டி.' அதே வழக்கத்திலிருந்து தப்பித்து ஓடும் ஒரு கிழவரைச் சிரிப்போடு பின்தொடர்ந்தது. இரண்டுமே ஒரே உண்மையைத் தொட்டன: நோயாளியைப் பார்த்துக்கொள்ள உதவி கிடைக்காத குடும்பம் கொடுமைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

நோயை மறைப்பதைப் பற்றி மலையாளத்தில் மறுபடியும் ஒரு படம். 2024-இல் வந்த கிறிஸ்டோ டோமியின் 'உள்ளொழுக்கு'. குட்டநாட்டில் வெள்ளம். தாமஸ்குட்டியின் சடலத்தை அடக்க முடியாமல் வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். மகனுக்கு நோய் இருந்ததைச் சொல்லாமல்தான் லீலாம்மா (ஊர்வசி) அஞ்சுவை (பார்வதி) மருமகளாகக் கொண்டு வந்தாள். அஞ்சுவிடமும் ஒரு ரகசியம் இருக்கிறது. கல்யாணப் பேச்சில் தீனத்தை மறைப்பது குட்டநாட்டில் மட்டுமா நடக்கிறது? இந்தக் கடற்கரை முழுக்க நடக்கிறது. வலிப்பு, மனநோய், காசநோய் எதுவானாலும் 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று ஒரு பெண்ணின் தலையில் கட்டுகிறார்கள். மருமகள் என்ற பெயரில் சம்பளமில்லாத ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருகிறாள். அந்தப் படம் இதைக் கோஷமில்லாமல் சொன்னது. ஊர்வசியின் மாமியார் அதைப் பாசத்தினால்தான் செய்தாள் என்பதையும் சொன்னது.

இனி எடுக்க வேண்டிய படங்களைப் பற்றி. கேரளத்தின் வலி நிவாரண, நோய்த்தணிப்புச் சிகிச்சை இயக்கத்தை உலகமே படிக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கியது. 2003-இல் அவர் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கினார். 2008-இல் மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. இன்று பஞ்சாயத்து நர்ஸ் படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கே வந்து புண்ணைக் கழுவி, குழாயை மாற்றிவிட்டுப் போகிறார். அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடு வீடாக வருகிறது. இந்த நோயாளிகளின் வலியைத் தணிக்கும் மார்ஃபினைக்கூட 1985-இன் போதைப்பொருள் சட்டம் கிடைக்காததாக்கியிருந்தது. 2014-இல் அதைத் திருத்த வைக்கப் போராடியவர்களில் ராஜகோபாலும் ஒருவர். அவரைப் பற்றி 2017-இல் 'ஹிப்போகிராட்டிக்' என்ற ஆவணப்படம் வந்தது. அதை எடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள். இத்தனை கதைகள் நம் ஒழுங்கைகளில் கிடக்க, எடுப்பதற்கு அவ்வளவு தூரத்திலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

இங்கே கையில் போனை வைத்துக் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குச் சில இடங்களைக் காட்டலாம். கணவனுக்குக் கீமோ நடக்கும் மாதங்களில் தலைச்சுமட்டு மீன் வியாபாரத்தை நிறுத்திய பெண்ணின் வீட்டுக்கு, வட்டிக்காரர் எந்தக் கிழமையில் வருகிறார்? வள்ளத்தின் பங்கை விற்றவன் மறுபடி கூலிக்குக் கடலில் இறங்கும்போது உடன் வருபவர்கள் அவனிடம் எப்படிப் பேசுகிறார்கள்? 2011 முதல் கேரளம் காருண்யா லாட்டரி விற்ற பணத்தில் ஏழைகளின் சிகிச்சைக்கு உதவியது. அந்தச் சீட்டை விற்று நடந்தவர்களில் நோயாளிகளும் இருந்திருப்பார்கள் அல்லவா? கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்குத் தீனம் வந்தால், எந்த மாநிலத்துக் காப்பீட்டு அட்டை செல்லும் என்று அண்ணன் எத்தனை அலுவலகப் படி ஏறுகிறான்? மெடிக்கல் காலேஜ் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கே ரத்தக் கொதிப்பு இருக்கிறது. அவளுடைய மாத்திரை தீர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று யாராவது கேட்டார்களா?

இவற்றை எடுக்க ஸ்டுடியோ வேண்டாம், பெரிய நடிகர் வேண்டாம். எடுப்பதற்கு முன் அந்த வீட்டாரிடம் அனுமதி கேளுங்கள், நோயாளியின் முகத்தைக் காட்டாமலேகூட எடுக்க முடியும் என்று அவர்களிடம் சொல்லுங்கள். எடுத்து முடித்ததும் முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். தப்பாகச் சொன்ன இடத்தை அவர்கள் சுட்டிக்காட்டினால் வெட்டிவிட்டு மறுபடி எடுங்கள்.